அப்பாவைத் தண்டவாளம் தாண்டித் தூக்கிப்போன நாள்

அப்பா இறந்த மறுநாள் மதியம் எம்.பி. எங்கள் வீட்டுக்கு வந்தார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் வீதிக்குள் கார் நுழையாது என்பதால் சர்ச் முக்கிலேயே இறங்கி, வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் நடந்தே வந்தார். பின்னால் ஒருவர் ஆளுயர ரோஜா மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து விலகினார்கள். அவர் மாலையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அம்மாவின் பக்கத்தில் குனிந்து, "மனசத் தேத்திக்குங்கம்மா. எது வேணும்னாலும் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க" என்றார். என் தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எப்போதிலிருந்து உடம்பு சரியில்லை, எங்கே வைத்தியம் பார்த்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தார்.

இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாவு வீட்டில் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தொகுதியில் யார் செத்தாலும் வருவார். கல்யாணம், காதுகுத்து, புதுக் கம்பெனித் திறப்பு என்று எதையும் விடமாட்டார். ஊரில் அவரை "நம்மாளு" என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கொடுத்த தண்ணீரை அவர் வாங்கவில்லை, காரிலிருந்து பாட்டில் வந்தது என்பதை மட்டும் கவனித்தேன். அன்றைக்கு அதை நினைக்க நேரமில்லை.

அவர் கிளம்பும்போது நான் பின்னாலேயே வீதிக்குப் போனேன்.

"ஐயா, ஒரு நிமிசமுங்க."

"சொல்லும்மா கண்ணு."

"அப்பாவ மூணு மணிக்கு எடுக்கறோமுங்க. கல்லறைத் தோட்டம் ரயில் லைனுக்கு அக்கட்டால இருக்குதுங்க. சப்வேல ஆள் மட்டத்துக்குத் தண்ணி நிக்குது. எப்படிக் கொண்டு போறதுன்னு தெரியலீங்க."

அவர் முகம் வாடியது. பொய்யாக வாடியது என்று சொல்லமாட்டேன். உதவியாளரைத் திரும்பிப் பார்த்து, "ரயில்வேக்குப் பேசச் சொல்லியிருந்தனே, என்னாச்சு? நோட் பண்ணிக்க" என்றார். உதவியாளர் போனில் ஏதோ தட்டினார். எம்.பி. என் தலையில் கை வைத்துவிட்டுக் காரில் ஏறினார். கார் அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பியது. அவர் வந்ததும் அந்தப் பக்கம்தான். சுரங்கப்பாதையை அவர் பார்க்கவே இல்லை.

அந்தச் சுரங்கப்பாதை அவர் கொண்டுவந்ததுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரும் சர்ச்சும் ரயில் பாதைக்கு ஒரு பக்கம். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பனியன் கம்பெனிகளுக்குப் போகிற ரோடு, கல்லறைத் தோட்டம் எல்லாம் மறுபக்கம். முன்பு நடுவில் ரயில்வே கேட் இருந்தது. கேட் போட்டால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கறிக்கோழி ஏற்றிய வண்டி என்று எல்லோரும் நின்றுகொண்டிருப்போம். கேட்டை எடுத்துவிட்டு ஒரு பாலம் கட்டித் தாருங்கள் என்று கேட்டது நாங்கள்தான். எம்.பி. எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது செய்கிறேன் என்றார், ஜெயித்து டில்லிக்குப் போய் அதைப் பற்றிப் பேசவும் பேசினார். அவர் எழுந்து நின்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுகிற வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"நம்மூருப் பேர டில்லியில சொல்லிட்டாரு பாரு சாமி" என்று என்னிடம் காட்டினார்.

அப்பா சின்ன வயதிலிருந்து தோட்டங்காட்டில் கூலிக்குப் போனவர். பிறகு ஒரு நிட்டிங் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். அவர் வேலை பார்த்த தோட்டத்துக்காரர் வீட்டில் அவருடைய பெயரையே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவருக்குத் தன் ஊர்ப் பெயர் டில்லியில் கேட்டது பெரிய விஷயமாக இருந்தது. திறப்பு விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நானும் தட்டினேன்.

கேட்டை மூடிவிட்டார்கள். பழைய தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே நட்டு, கல்லைப் போட்டு அடைத்துவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் குழி மாதிரி இறங்கி ஏறுகிற பாதை வந்தது. இரண்டு பக்கத்துத் தோட்டங்களும் அதைவிட மேடு. மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று குழி வெட்டும்போதே விவசாயிகள் கேட்டார்கள். வடிகால் வரும் என்றார் இன்ஜினியர். வடிகாலும் வந்தது. அது கொஞ்ச தூரம் ஓடி ஓடைக்கு முன்பே நின்றுவிட்டது. நடுவில் இருந்த நிலம் வேறு யாருடையதோ, அதை வாங்கவில்லை.

முதல் பெரிய மழையில் எங்கள் கம்பெனி வேன் அதற்குள் மாட்டியது. நான் வீரபாண்டிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். நானும் என் லைன் பெண்கள் பாதிப்பேரும் அந்த வேனில்தான் போவோம். தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும் என்று டிரைவர் இறக்கிவிட்டார். வண்டி நடுவில் நின்றுவிட்டது. சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியதும் ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தராக வெளியே வந்தோம். ஒருத்தி கர்ப்பமாக இருந்தாள். அவளைத் தோளில் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவள் நடுங்கிய நடுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது. எம்.பி. ஆபீசில் சொன்னோம். அது ரயில்வே பார்க்க வேண்டியது என்றார்கள். ரயில்வேயில் கேட்டால் தண்ணீர் எடுப்பது பஞ்சாயத்து வேலை என்றார்கள். பஞ்சாயத்தில், அது எம்.பி. கொண்டுவந்த திட்டம், அவரிடமே கேளுங்கள் என்றார்கள். ஒரு முக்கோணத்தில் எங்களைச் சுற்ற விட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அப்பாவை எடுத்த நாளுக்கு வருகிறேன்.

இரவெல்லாம் மழை கொட்டியதில் விடியுமுன்பே கரண்ட் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியில் குளிர் நின்றுபோனது. அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போய் உடம்பு ஏற்கெனவே நீர்கோத்திருந்தது. ஜெபம் முடிந்து, அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி, சர்ச் முக்கில் நின்ற வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். சுரங்கப்பாதை வாயில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"எறங்காதுங்க. எறங்குனா உங்கப்பாவும் மெதப்பாரு, நானும் மெதப்பேன்."

அவர் மீது தப்பில்லை. சரிவுச் சுவரில் இறக்கமாக எழுதியிருந்த எம்.பி.யின் பெயரில் கடைசி எழுத்துகள் தண்ணீருக்குள் இருந்தன. சுற்றிப் போகிற வழியைப் பார்த்துவர சித்தப்பா மகன் பைக்கில் போனான். கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் இருக்கிற தரைப்பாலத்தை ஓடை மூழ்கடித்துவிட்டது என்று திரும்பி வந்தான். போதகர் நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டார். அம்மா பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து வாடை வர ஆரம்பித்திருந்தது. "வேண்டாஞ் சாமி. இன்னைக்கே கொண்டு போயிருங்க" என்றார்.

தம்பி போய்த் தலைமாட்டைப் பிடித்தான். சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் தம்பியின் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். தலைமாட்டின் இன்னொரு பக்கம் ஆள் வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கிற ஒடிசாக்காரர் முன்னால் வந்தார். தம்பியோடு ஒரே கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தால் அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பார். அவருக்குத் தமிழ் வந்தது அப்பாவிடம் பேசித்தான். அதனால் அவருடைய தமிழிலும் எங்கள் ஊர் 'ங்க' இருக்கும்.

"அண்ணா, இந்தப் பக்கம் நான் புடிக்கறங்க" என்றார்.

பழைய கேட் இருந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குறுக்கே நட்டிருந்த தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவில் ஆள் நுழையலாம், பெட்டி நுழையாது. தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் கை மாற்றினார்கள். ஜல்லியில் ஈரம். ஒருவர் கால் வழுக்கியதும் பெட்டி சாய்ந்தது. உள்ளே அப்பா நகர்ந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அம்மாவும் கேட்டார். அவரை நானும் என் லைன் பெண்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் ஏற்றினோம். ஏறும்போது அவருடைய முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது.

பெட்டி இரண்டாவது தண்டவாளத்தின் மேல் இருந்தபோது கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தபடி வந்தது. யாரும் பெட்டியைக் கீழே போடவில்லை, ஓடவும் இல்லை. ஓட முடியாது, தூக்கியிருக்கிற எடை அப்படி. வண்டி நல்லவேளையாக மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எட்டத்திலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி இந்தியில் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு தூக்கிக்கொண்டு போவது என்ன என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்பாவை அடக்கம் செய்தோம். குழிக்குள்ளும் தண்ணீர் ஊறியிருந்தது. பக்கெட்டில் இறைத்துவிட்டு இறக்கினோம்.

யாரோ அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். எம்.பி.யைத் திட்டி நாலு வரி சேர்த்து எதிர்க்கட்சிக்காரர்கள் பரப்பிவிட்டார்கள். எங்களைக் கேட்டா எடுத்தார்கள்? அம்மா மேட்டில் தவழ்ந்து ஏறுவதை எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் என் முன்னாலேயே போனில் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைத் திருப்பி வைத்தார். எங்கள் துக்கம் இரண்டு கட்சிகளுக்கு நடுவில் ஒரு பொருளாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்த கொஞ்ச நேரத்தில் ரயில்வே போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்ததற்கும் ரயிலை நிறுத்த வைத்ததற்கும் வழக்கு. வீடியோவை வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிய ஆறு பேரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அதில் ஒருவர், "எங்களுக்கும் வருத்தமாத்தான் இருக்குதுங்க, மேல இருந்து சொல்லிட்டாங்க" என்றார். தம்பி பெயரைச் சொல்லும்போது நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. வீடு நிறைய உறவுக்காரர்கள்.

இரண்டு நாள் கழித்து எம்.பி. ஆபீசிலிருந்து உதவியாளர் கூப்பிட்டார். கேஸ் விஷயமாகப் பேச வேண்டும், வாருங்கள் என்றார். தம்பியும் நானும் சித்தப்பாவின் மூத்த மகனும் போனோம். ஆபீஸ் முழுக்கக் கூட்டம். பிள்ளைக்குப் பள்ளிக்கூட சீட்டுக்கு ஒருவர், ரயில் டிக்கெட் உறுதி செய்ய ஒருவர், பாஸ்போர்ட்டுக்கு ஒருவர், பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து தென்னைக்கு நோய் வந்த விவசாயிகள் சிலர். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். எம்.பி. டில்லியில் இருந்தார். உதவியாளர் எங்களை உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டாருங்க. நானே ரயில்வே போலீசுல பேசிட்டேன். ஆறு பேர்ல அஞ்சு பேரு பேர எடுத்தர்றோம்னு சொல்லிட்டாங்க. ரயில் நின்னுருக்குது, ஒரு பேராவது இருந்தாத்தான் கேஸ முடிக்க முடியும். அந்த வடக்கத்திக்காரன் பேரு இருக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஏனுங்க, அவரு பேரு மட்டும்?"

"அவனுக்கு இங்க என்ன இருக்குதுங்க? ஓட்டு இல்ல, ஊடு வாசல் இல்ல. எதாவது போட்டாங்கன்னா கட்டிட்டு ஊருக்குப் போயிருவான். உங்க பசங்களுக்கு அப்படிங்களா? நாளைக்கு வேலை வெட்டின்னு இருக்குதல்ல? அண்ணன் தொகுதி மக்களுக்குத்தானுங்க செய்ய முடியும்."

அந்த ஆளின் குரலில் கெடுதல் எதுவும் இல்லை. கடைக்காரர் நல்ல துணியை எடுத்துக் காட்டுவது போலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊரில் கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். நானும் அப்படித்தான் பேசினேன்.

"எங்கப்பாவோட தலமாட்டப் புடிச்சவரு அவரு. நீங்க கட்டுன சப்வே ஒழுங்கா இருந்திருந்தா அவரு எதுக்குங்க லைன் மேல ஏறப்போறாரு? தூக்குனது ஆறு பேரு. ஆறு பேரு மேலயும் இருக்கட்டும், இல்லாட்டி ஆறு பேரு பேரையும் எடுங்க."

"கோவப்படாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

தம்பி எழுந்தான். "யோசிச்சாச்சுங்க" என்றான்.

வெளியே வந்ததும் சித்தப்பா மகன் என் மேல் பாய்ந்தான். அவன் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேர்வாகி, ஆர்டருக்குக் காத்திருந்தான். போலீஸ் விசாரணை வரும். கேஸ் இருந்தால் என்னாகும் என்று அவனுக்குப் பயம்.

"உனக்கென்னக்கா, நீ பெட்டியத் தூக்கல. உம் பேரு இல்ல. நான் படிச்ச படிப்பெல்லாம் போயிருமல்ல? அந்தாளு யாரு நமக்கு?"

"உம் பெரியப்பனத் தூக்குனவரு."

"நானுந்தான் தூக்குனேன்."

அவனும் தூக்கினான். அவனைக் குற்றம் சொல்லக்கூட என்னால் முடியவில்லை. ஒரு குடும்பத்தை இப்படி நடு ரோட்டில் நிறுத்தி ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்க வைத்தவர்கள் மேலேதான் என் வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் ஒடிசாக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவரிடம் மறைத்தால் நாங்களும் அந்த ஆபீஸ்காரர் மாதிரி ஆகிவிடுவோம். அவர் லைன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, என் பேரு இருக்கட்டுங்க. உங்க சித்தப்பா பையனுக்கு வேலை வரப்போவுதல்லங்க. எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு யாருங்க சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்க ஊர்ல அம்மா இருக்கறாங்க, தங்கச்சிக்குக் கல்யாணம் பேசறாங்கன்னு எங்கப்பாகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கறீங்க. உங்க பேரு ஒண்ணு மட்டும் போலீஸ்ல கெடந்தா, இந்தப் பக்கம் எது களவு போனாலும் உங்களத்தான் தேடி வருவாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரிடம் கோபப்பட்டதற்கு என்ன நியாயம் இருக்கிறது? ஆனால் அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. எத்தனை இடத்தில் இப்படி ஒத்துக்கொண்டு பழகியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் அந்த வார்த்தை வரும்?

சித்தப்பாவின் மூத்த மகன் தனியாகப் போய்த் தன் பெயரை மட்டும் கேஸிலிருந்து எடுக்க வைத்துக்கொண்டான். ஆளுயர மாலையைத் தூக்கி வந்தவர்தான் கூட்டிப்போனாராம். வேலை கிடைத்துவிட்டது. நல்லது. இப்போது எதிரில் பார்த்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்கிறோம்.

மீதி ஐந்து பேரும் ரயில்வே கோர்ட்டுக்குப் போனார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள், வண்டியில் பீடி குடித்தவர்கள், சும்மா சங்கிலியை இழுத்தவர்கள், அவர்களோடு வரிசையில் என் தம்பியும். பெயர் கூப்பிட்டதும் ஐந்து பேரும் போய் நின்றார்கள். நீதிபதி ஒரு அம்மா. குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"எதுக்கு லைன் மேல போனீங்க?"

"எங்கப்பாவப் பொதைக்கறதுக்குங்க" என்றான் தம்பி.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். சுரங்கப்பாதை இல்லையா என்றார். இருக்கிறது, தண்ணீர் நின்றது என்றான். இப்போதும் நிற்கிறதா என்றார்.

"இன்னைக்கும் நிக்குதுங்கம்மா."

ஏதோ எழுதினார். அபராதம் விதித்தார். குறைவாகத்தான் விதித்தார். சட்டப்படி வேறு வழியில்லை என்று அவரே சொன்னார். கட்டிவிட்டு வெளியே வந்தோம். ஒடிசாக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தம்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அப்பா செத்த அன்றுகூட அவன் அழுது நான் பார்க்கவில்லை.

அடுத்த பங்குனியில் சுரங்கப்பாதைக்கு மோட்டார் வந்தது. எம்.பி. நிதியிலிருந்து மோட்டார் ரூம், அதன் நெற்றியில் அவருடைய படம், திறப்பு விழா. எங்கள் ஊர்க்காரர்களை வரச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சர்ச் முடிந்து நானும் போனேன். அவர் முகம் அச்சடித்த வெள்ளை டீ-சர்ட்டில் ஒரு கும்பல் நின்றது. கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது. என் லைனில் அப்படித் தைத்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடும் வெயில். சுரங்கப்பாதைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டால் எதை இறைக்கும்? அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேட்டில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. எம்.பி. வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அதன் குழாயைத் திறந்து சுரங்கப்பாதைக்குள் விட்டார்கள். நல்ல தண்ணீர். எங்கள் வீதிக்கு அப்போது குடிதண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. காலிக் குடங்களை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெண்கள், அந்தத் தண்ணீர் ரோட்டில் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேமரா வந்தது, எம்.பி. வந்தார், சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமி அந்தத் தண்ணீரை மேலே ஏற்றித் துப்பியது. கைதட்டினார்கள்.

நான் அவருக்கு எதிரில் போய் நின்றேன். யோசித்துப் போகவில்லை. கால் போய்விட்டது.

"ஐயா, எங்க ஊட்ல குடிக்கத் தண்ணியில்லீங்க. ரோட்டுல ஊத்தறதுக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?"

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்த மாதிரி ஞாபகசக்தி அவருக்கு உண்டு. குரலைத் தணித்துக்கொண்டு, "கண்ணு, அப்பா சாவுக்கு நான் வந்திருந்தனல்ல?" என்றார்.

"வந்தீங்க. மாலை போட்டீங்க. தண்ணி நிக்குதுன்னு சொன்னேன், நோட் பண்ணிக்கச் சொல்லிட்டுப் போயிட்டீங்க. பெட்டிய நாங்க லைன் மேல தூக்கிட்டுப் போனோமுங்க. அதுக்குக் கேஸ் போட்டாங்க. அதுல ஊரு இல்லாத மனுசன மட்டும் மாட்டி விடலாமுன்னு உங்க ஆபீஸ்லதானுங்க சொன்னாங்க."

"அப்படி யாரு சொன்னது?" என்று உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் வேறு பக்கம் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரியாதோ என்னவோ. தெரியாமல் இருப்பதும் ஒரு வசதிதான் என்று எனக்கு அந்த நிமிடம் பட்டது. எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு முடிப்பார், இவர் சாவு வீட்டுக்கு வருவார்.

"நான் விசாரிக்கறேன் கண்ணு" என்றார். டீ-சர்ட் போட்டவர்கள் இரண்டு பேர் எங்கள் நடுவில் வந்துவிட்டார்கள். என் கையை யாரும் பிடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. நடுவில் நின்றார்கள், அவ்வளவுதான். அவர் காருக்குப் போனார்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டு, "அரசியல் பேச்செல்லாம் வேண்டாமுங்க, முதலாளிக்குப் போன் வந்துருக்குது" என்றார். நான் பேசியது அரசியல் இல்லை, என் அப்பா பற்றி என்றேன். சரி சரி, ஷிப்மெண்ட்டைப் பாருங்கள் என்றார். அதோடு விட்டுவிட்டார். வேலை போகவில்லை. ஆனால் அடுத்த சீசனில் எனக்கு வர வேண்டிய ப்ரொமோஷன் வேறொருவருக்குப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

மோட்டார் வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கரண்ட் இருந்தால் செய்கிறது. தூறலுக்கு நன்றாகவே இறைக்கிறது. பெருமழை வந்தால் எங்கள் பக்கம் முதலில் போவது கரண்ட்தான். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், மோட்டார் நின்றால் தண்ணீர் ஏறும். ஜெனரேட்டர் கேட்டிருக்கிறோம். கேட்டதைக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன மழையில் சர்ச் வீதியில் ஒரு அம்மா இறந்துபோனார். அவருடைய மகன் என்னிடம் வந்து, நீங்கள் அன்றைக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டான். சொன்னேன். எந்த இடத்தில் மேட்டில் ஏறுவது சுலபம் என்றும் சொன்னேன். ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல ஒடிசாக்காரரும் இன்னும் சிலரும் போய் நின்றார்கள். இந்த முறை யாரும் போனை எடுக்கக் கூடாது என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தான். எம்.பி. காலையிலேயே வந்து மாலை போட்டுவிட்டுப் போயிருந்தார்.